மறுபடி தூக்காத பிள்ளை

அக்கா,

இன்று காலை மருமகள் பச்சை வேர்க்கடலையை உப்புப் போட்டு வேகவைத்தாள். தண்ணீர் கொதித்ததும் ஈரமண்ணும் உப்பும் கலந்த வாசனை கூடம்வரை வந்தது. வெளியே ஐப்பசி மழை. "சூடா துன்னுங்க அத்த" என்று ஒரு கிண்ணத்தில் போட்டு என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அது ஆறிப்போய்க் கிடக்கிறது. போன கோடையில் உங்களை அடக்கம் செய்தோம். நீங்கள் இல்லாமல் வந்திருக்கும் முதல் மழைக்காலம் இது.

சித்தூரில் வேதக்கோயிலுக்குப் பின்தெருவில் இருந்த நம் மாமனார் வீட்டை நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். அந்த யுத்த காலத்தில் குண்டு பயத்தில் பட்டணத்திலிருந்து ஓடிவந்த நாத்தனாரும் அவள் பிள்ளைகளும் வேறு நம்மோடு இருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் துணி உலர்த்த இடம் கிடையாது. கூடத்தின் குறுக்கே கயிறு கட்டி ஈரப்புடவைகளைப் போடுவோம். அவற்றுக்குள் புகுந்து புகுந்து பிள்ளைகள் ஓடுவார்கள். வயலிலிருந்து வண்டியில் வரும் கடலைச்செடியை மூலையில் குவித்து, வீடே உட்கார்ந்து காய் பறிக்கும். அடுப்பு அணைய நேரமே இராது. அத்தனை கூச்சலிலும் எனக்கு ஒரு குறை இருந்தது. என் வீட்டுக்காரர் ராணுவத்தில் லாரி ஓட்டப் போயிருந்தார். எந்த நாட்டில் இருக்கிறார் என்றுகூடக் கடிதத்தில் எழுதமாட்டார்.

அந்த வருஷம் ஆடியில் நாம் இருவரும் நிறைமாதம். உங்களுக்கு முதலில் வலி எடுத்தது. ஆண் பிள்ளை. ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அவனைப் புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்த அன்று மாலை எனக்கு வலி கண்டது. லில்லி பிறந்தாள். அவள் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் எனக்கு விஷஜுரம் வந்துவிட்டது.

நினைவு தெளிந்து நான் கண் திறந்தபோது மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. எதிரில் பாயில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். உங்கள் மார்பில் என் பிள்ளை. நான் விழித்துவிட்டதைப் பார்த்துச் சட்டென்று முந்தானையை இழுத்து மூடினீர்கள். எதையோ திருடியவரைப் போல அந்த முகம்.

"பசியில கத்திக்கினு கெடந்தா. என்ன பண்ண சொல்ற? எனக்கும் கட்டிக்கினு வலி உயிர் போவுது. அதான்…" என்றீர்கள்.

"நல்லா இருப்பீங்க அக்கா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஜுரம் போயிற்று, என் பாலும் போயிற்று. அத்தை பூண்டும் கருவாடும் ஆக்கிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. நான் தூக்கினால் லில்லி முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறுவாள். கொல்லைப்புறத்தில் உங்கள் குரல் கேட்டால் போதும், தலை அந்தப் பக்கம் திரும்பிவிடும். ஒரு நாள் ஈரப்புடவைக்கு மறுபக்கம் நீங்கள் அவளைக் கொஞ்சுவது காதில் விழுந்தது. "அம்மா எங்கயும் போவலடி கண்ணு, இங்கதான் இருக்கிறேன்." என் பிள்ளை உயிரோடிருப்பதே உங்களால்தான் என்று தெரியும். தெரிந்தும் அந்தப் புடவையைக் கிழித்தெறிய வேண்டும்போல இருந்தது.

பிறகு அந்தக் கடலை பறிப்பு நாள். எல்லோரும் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நீங்கள் லில்லியை மடியில் போட்டுக்கொண்டே காய் பறித்தீர்கள். தலை நிமிராமல் அத்தை பேச்சை எடுத்தார்.

"அறுப்புப் பண்டிகை அன்னிக்கே கொழந்தைக்கு ஞானஸ்நானம் குடுத்துடலாம். பெரியவனும் அவளும் தாய் தகப்பனா நிக்கட்டும்."

"நான் இருக்கிறேனே அத்த?" என்றேன்.

"நீ இருக்கிற. உன் புருஷன் எங்க இருக்கிறான்? நாளைக்கு ஒண்ணுன்னா நீ புள்ளயத் தூக்கிக்கினு குப்பத்துக்கு உன் நைனா ஊட்டுக்குப் பூடுவ. நான் யாரப் பாத்துக்கினு இருக்கிறது? பாலு இல்லாதவ எப்படி வளப்ப, சொல்லு. அவளும் ஒண்ண வாரிக் குடுத்துட்டு நிக்கிறா."

அத்தை கெட்டவர் இல்லை. மகனுடைய கடிதம் வராத பயத்தில் பேத்தியையாவது கையில் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். அதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் மாமனாரைப் பார்த்தேன். அவர் செடியை உதறிக்கொண்டிருந்தார். உங்கள் வீட்டுக்காரரான பெரியவரைப் பார்த்தேன், அவர் எழுந்து வெளியே போனார். கடைசியில் உங்களைப் பார்த்தேன். நீங்கள் லில்லியின் காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தீர்கள். அத்தை சொன்ன வார்த்தையைவிட உங்கள் மௌனத்துக்குத்தான் நான் பயந்தேன்.

பண்டிகை ஞாயிற்றுக்கிழமை. கோயில் தூண்களில் கரும்பு கட்டியிருந்தார்கள். பூசணி, நெற்கதிர், கட்டுக்கட்டாகக் கடலைச்செடி, கால் கட்டிய கோழிகள் எல்லாம் பீடத்தின் முன்னால். நீங்கள் முன்வரிசையில் குழந்தையோடு. நான் பின்னால், நாத்தனார் பிள்ளைகளுக்கு நடுவில். போதகர் பெற்றோரை அழைத்தார். பெரியவர் எழுந்தார். நீங்களும் எழுந்தீர்கள். பீடத்துக்குப் போகாமல் திரும்பி, சபை முழுக்கப் பார்க்க, என்னிடம் நடந்து வந்தீர்கள்.

"எழுந்து வாடி" என்றீர்கள். "உன் புள்ளய நீ புடி."

லில்லி என்னிடம் வந்ததும் வீறிட்டாள். உங்கள் முந்தானை அவள் கைப்பிடிக்குள் இருந்தது. ஒவ்வொரு விரலாக நீங்களே பிரித்து எடுத்தீர்கள். பிறகு யாரையும் பார்க்காமல் வாசல் வழியாக மழையில் இறங்கிப் போனீர்கள். போதகர் சொன்ன ஜெபம் அவள் அழுகையில் யார் காதிலும் விழவில்லை.

நாங்கள் வீடு திரும்பியபோது நீங்கள் துணிமூட்டை கட்டிவிட்டிருந்தீர்கள். "சபை நடுவுல மானத்த வாங்கிட்டியே" என்று அத்தை கத்தினார்.

"பசிச்சுது, பாலு குடுத்தேன் அத்த. புள்ளய வாங்கிக்கல" என்றீர்கள். உங்கள் ரவிக்கை முன்புறம் நனைந்திருந்தது. அது மழை இல்லை.

அன்றைக்கே கார்வேட்டிநகரத்துக்கு, உங்கள் தாய்வீட்டுக்குப் போய்விட்டீர்கள். அதன் பிறகு இங்கே நடந்ததை உங்களிடம் நான் முழுதாகச் சொன்னதில்லை. சங்கில் புகட்டிய பாலை லில்லி துப்பினாள். பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு போயிற்று. கன்னம் ஒட்டி, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். வெட்கத்தை விட்டு நான் ஆள் அனுப்பினேன். "அக்காவ வரச் சொல்லுங்க, புள்ள அவுங்களுதாவே இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

உங்கள் தம்பி வந்தார். பெட்ரோல் கிடைக்காத அந்நாளில் கரியில் ஓடிய பஸ்ஸின் கூரையிலிருந்து இறக்கிய வெள்ளாடு ஒன்று அவர் கையில். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா வர்ல. இந்தப் பாலுல பாதிக்குப் பாதி தண்ணி ஊத்திக் காய்ச்சிக் குடுக்கச் சொல்லுச்சு" என்றார்.

"எப்படி இருக்கிறாங்க?"

"மாரு கட்டிக்கினு ஜுரம். மல்லிப்பூ வெச்சிக் கட்டிக்கினு படுத்துக்கிது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

இங்கே குழந்தை பாலுக்குச் செத்துக்கொண்டிருக்க, அங்கே நீங்கள் பூ வைத்துக் கட்டி அந்தப் பாலை வற்றவைத்துக்கொண்டிருந்தீர்கள். அன்று உங்களை நான் வெறுத்தேன் அக்கா. லில்லி ஆட்டுப்பாலைக் குடித்தாள். மெல்ல மெல்ல என் தோளில் தூங்கப் பழகினாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து நீங்கள் திரும்பி வந்தீர்கள். யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். உங்களுக்கு அதன்பின் பிள்ளை இல்லை. நாத்தனார் பிள்ளைகளை, லில்லிக்குப் பின் எனக்குப் பிறந்தவர்களை, எல்லோரையும் குளிப்பாட்டினீர்கள், ஊட்டினீர்கள், அடித்தும் வளர்த்தீர்கள். லில்லியை மட்டும் நீங்கள் தொட்டதில்லை. அவள் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு அழுத நாளில்கூட, "இங்க வாடி, உன் பொண்ணப் பாரு" என்று என்னைத்தான் கூப்பிட்டீர்கள். ஒருமுறை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, ஏன் அக்கா என்று கேட்டேவிட்டேன்.

"தூக்குனா எறக்க முடியாது" என்றீர்கள். முறம் நிற்கவில்லை.

லில்லி இப்போது திருப்பதியில் ஆஸ்பத்திரி நர்ஸ். உங்கள் கடைசி நாட்களில் லீவு போட்டு வந்து அவள்தான் உங்களைத் துடைத்தாள், திருப்பிப் படுக்கவைத்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே இருந்தீர்கள். அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்ததும் கேட்டாள்: "பெரிம்மாவுக்கு மட்டும் ஏம்மா என்னப் புடிக்கவே இல்ல?"

எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் விரல் பிரித்ததையும் சொன்னேன். அவள் தன் கையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ஆடு வந்ததுக்கு அப்பால அவுங்க வந்து கேட்டிருந்தா, என்னக் குடுத்திருப்பியாம்மா?" என்றாள்.

குடுத்திருப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குழந்தை சாகக் கிடந்தபோது அப்படித்தானே சொல்லி அனுப்பினேன்? ஆனால் அவள் பிழைத்து என் தோளில் தூங்கிய பிறகு கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். உயிரே போனாலும் கொடுத்திருக்கமாட்டேன். அடுப்பைப் பார்க்கிறேன் என்று லில்லியிடம் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீங்கள் இருந்திருந்தால் இதை உங்களிடம் சொல்லவேண்டிய தேவையே இருந்திருக்காது. நான் கொடுக்கமாட்டேன் என்று என்னைவிட முன்னதாகவே உங்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் நீங்கள் கேட்கவே இல்லை.