மூன்றாம் குட்டையின் பச்சை

மே 6, 1975. செவ்வாய்.

காலை ஏழுக்கே வெயில் சுள்ளென்று. பாலாற்றில் மணல் மட்டும். கிணறுகளில் பாதி வறண்டாயிற்று. ஊரின் சாக்கடைத் தண்ணீர் மட்டும் குறைவில்லாமல் என் சுத்திகரிப்புக் குட்டைகளுக்கு வருகிறது!

செய்ய வேண்டியது: பம்புக்கு கிரீஸ். கரைச் செடி வெட்டு. சைக்கிள் பஞ்சர்.

மூன்றாம் குட்டை இன்று நல்ல பச்சை. போன மாதம் சாயப்பட்டறைச் சிவப்பு கலந்தபோது பயந்தேன். தாங்கிவிட்டது. என் வளர்ப்பு.

மாலையில் ஓவர்சீயர் (இனி ஓ.) வந்தார். "இன்னாய்யா, இப்படிப் பாசி புடிச்சிக்கினு கெடக்குது? வெள்ளிக்கிழம மெட்ராஸ்லேர்ந்து பெரிய எஞ்சினீயர் வர்றாரு. மயில்துத்தம் அனுப்புறேன், கலக்கி வுடு."

கெட்டவர் அல்ல. போன வருடம் கோயில் குளத்துப் பாசியை அப்படித்தான் ஒழித்தார், மாலை போட்டார்கள். இங்கே பாசிதான் வேலைக்காரன். வெயிலில் அது விடும் காற்றில்தான் அழுக்கு செரிக்கிறது. அதைக் கொன்றால் நாற்றம் ஊரைத் தூக்கும். சொன்னேன். கேட்கவில்லை.

மே 7. புதன்.

இரண்டு மூட்டை வந்தது. போட மாட்டேன் என்றேன். ஓ. கத்தினார்: "அப்ப எஞ்சினீயர் திட்டுனா வேலைய வுட்டுப் போறேன்னு எழுதிக் குடு!" எழுதிக் கொடுத்தேன். 

வீட்டில் சரோஜாவிடம் சொன்னேன். "சாக்கடைக்குப் போயி வேலைய அடகு வெச்சீங்களா?" சோறு போடவில்லை. நானே போட்டுக்கொண்டேன். ரசத்தில் உப்பில்லை. வாயைத் திறப்பேனா?

மே 8. வியாழன்.

எருமைக்காரன் முனிரத்தினம் வந்தான். கிணறு வற்றியபின் அவன் எருமைகள் நான்குக்கும் புல் விளைவது நம் குட்டைத் தண்ணீரில்தான். "துத்தத்தப் போட்டா புல்லு கருகிடும்பா. அதுங்க பசியில கத்தறத என்னால கேக்க முடியாது." கண் கலங்கினான். எனக்கும்.

பதினொன்றுக்கு ஓ., இரண்டு ஆட்களோடு. தானே போட்டுக்கொள்வாராம். வேறு வழி தோன்றவில்லை, இரண்டு மூட்டையையும் அடுக்கி மேலே உட்கார்ந்துவிட்டேன். மதியச் சாப்பாடும் அங்கேயே. ஆட்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று மணிக்கு ஓ. தலையில் அடித்துக்கொண்டு போனார்.

மே 9. வெள்ளி.

எஞ்சினீயர் பத்தரைக்கு வந்தார். ஓ. முந்திக்கொண்டு, "பாசிக்கு மன்னிக்கணும் சார்." அவர் காதில் வாங்கவில்லை. மடையருகே குந்தி உட்கார்ந்து, பாட்டிலில் தண்ணீர் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். முகர்ந்தார்.

"எவ்ளோ நாளா இந்தப் பச்சை?"

"பதினோரு நாளா சார்" என்றேன்.

"விட்றாதீங்க. இதான் குட்டைக்கு உயிர். யார் பாத்துக்கறது?"

"நான்தான் சார்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்!

"மூட்டையில என்ன?" ஓ. முகத்தில் ரத்தமே இல்லை. "கோயில் குளத்துக்கு சார்" என்றேன். போகட்டும்.

மாலையில் சரோஜா குட்டைக்கு வந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவை. "எதுக்காக வேலைய அடகு வெச்சீங்கன்னு நானும் பாக்கறேன்." முந்தானையால் மூக்கை இறுக்கிப் பொத்திக்கொண்டுதான் கரை ஏறினாள். மூன்றாம் குட்டை வந்தது. கையை எடுத்துவிட்டாள்.