காலியாக இருக்கும் ஒரு சொல்

அன்பு மகளுக்கு,

இதை நானே எழுதுகிறேன். எழுதப் படிக்கப் பழகி மூன்று மாதம் ஆகிறது. ஒரு வரிக்குக் கால்மணி நேரம் பிடிக்கிறது.

சமூகப்பணி படிக்கும் பிள்ளைகள் அறிக்கை எழுதிப் பழக நம் கருக்களாச்சேரிக்கு வருகிறார்கள். அவர்களில் இனேஸ் என்ற பெண் என்னைப் பற்றி எழுதினாள். யாரைப் பற்றியதோ அவரே படித்துப் பார்க்க வேண்டுமாம். விரல் வைத்துப் படித்தேன். ‘ஆதரவற்றவர்’ என்று இருந்தது.

“எனக்கு மக இருக்காளே” என்றேன்.

“கடைசியா எப்பப் பேசினீங்க, தாத்தா?”

“அவ கல்யாணத்துக்கு முன்னாடி.”

அந்தச் சொல்லை அடித்துவிட்டு, “அப்ப இங்க என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்க” என்றாள். அந்த இடத்தைக் காலியாகவே விடச் சொன்னேன்.

நீ அனுப்பிய கல்யாணப் பத்திரிகையை அன்றைய கோபத்தில் யாரையும் படிக்கச் சொல்லவில்லை. நேற்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் பெயருக்கு மேலே என் பெயர் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இனேஸ் வருவாள். என்ன எழுதச் சொல்லட்டும்?

உன் அப்பா