எலுமிச்சை அளவு சோடியம்

8.10.2008
காலாண்டுத் தேர்வில் என் மகள் இளவரசி கெமிஸ்ட்ரியில் பெயில். அண்ணன் சடையப்பனுக்குப் பாயசம் குடித்த முகம்.
"மங்கலம், போண்டா சுடறவ பொண்ணுக்கு எதுக்கு பிளஸ் டூ? சேத்தியாத்தோப்புல மாப்ள ரெடி. அரையாண்டுலயும் போச்சுன்னா நிறுத்திடு."
"சரிண்ணே. பாஸாயிட்டா அந்த மாப்ளய நீயே கட்டிக்கோ."
அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

9.10.2008
இன்னும் ஆறவில்லை. யார் யாரை நிறுத்துவது? பார்த்துவிடலாம்.

15.11.2008
டீச்சர் மாடல் கேட்டாராம். சோடியம் அணு, எலக்ட்ரானை விட்ட அதன் அயனி. குளோரின் அணு, அதை வாங்கிக்கொண்ட அயனி. மைதாவில் நான்கு உருட்டினேன். நான்கும் அச்சாக ஒரே அளவு! கடைக் கை. ஒரு போண்டா சிறுத்தால் கடலூர் பஸ் ஸ்டாண்டே சண்டைக்கு வரும்.
"அம்மா! அளவு மாறறதுதாம்மா பாடமே!" அழுதுவிடுவாள் போல.
"எலக்ட்ரான் தூசிங்கற. அது ஒண்ணு போனா எப்பிடிடி இவ்ளோ சிறுக்கும்?"
"கடைசி வட்டத்துல இருந்ததே அது ஒண்ணுதான். வட்டமே போச்சு. நடுவுல புரோட்டான் பதினொண்ணு, மிச்சம் எலக்ட்ரான் பத்து. இழுப்பு ஜாஸ்தி, கிட்ட வந்துடும்."
"உங்கப்பன் ஓடினப்ப நாம இருந்த மாதிரி. சுருங்கினோம், இறுகினோம்."
சிரித்துவிட்டாள். குளோரினில் இழுக்கிற புரோட்டான் கணக்கு மாறாது, எலக்ட்ரான் மட்டும் ஒன்று கூடுதல். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உப்பிவிடுமாம். தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வந்து தங்கிய நம் வீடேதான்!
திரும்ப உருட்டினேன். எலுமிச்சை அளவு சோடியம் நெல்லிக்காயானது. நெல்லிக்காய்க் குளோரின் எலுமிச்சையானது. கை கேட்கவே மாட்டேன் என்றது — அதட்டித்தான் உருட்டினேன்.

20.12.2008
சோடியம் ஏன் சிறுக்கிறது என்று பரீட்சையில் கேட்டிருந்தார்களாம். "உன் உருண்டைய நெனச்சிக்கிட்டே எழுதினேம்மா."

7.1.2009
பாஸ்! நேரே அண்ணன் வீட்டுக்குப் போய், "முகூர்த்தம் என்னிக்குண்ணே உனக்கு?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

6.7.2009
சிதம்பரத்தில் இளவரசியைக் காலேஜ் ஹாஸ்டலில் விட்டோம். கெமிஸ்ட்ரியேதான். பெட்டியைத் தூக்கி வந்தது அண்ணன். திரும்பும் பஸ்ஸில் நெல்லிக்காயாகி உட்கார்ந்திருந்தேன்.
புதுச்சத்திரம் தாண்டியதும் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "மங்கலம்... என் மவ கலைமணியும் சயின்ஸ் குரூப்பே எடுக்கட்டுமா?" என்றார்.
"எடுக்கட்டும்ணே. உருண்டைய மட்டும் அண்ணியே உருட்டட்டும். அவுங்க கையில ரெண்டு போண்டா ஒரே அளவா வந்ததேயில்ல."