தகப்பன் பெயர்: வெலாமி

மார்ச் 4, செவ்வாய்

கடையில் ஈ ஓட்டினோம். மதியத்துக்கு மேல் ஒரு பெரியவர் வந்து, போன வாரம் வாங்கின மூக்குக்கண்ணாடி கோணலாக இருக்கிறதென்று ஒரே சண்டை. கோணல் கண்ணாடியில் இல்லை ஐயா, உங்கள் காதில் என்று எப்படிச் சொல்வது? காதில் மாட்டுகிற கம்பியைச் சூடு காட்டி லேசாக வளைத்துக் கொடுத்தேன். "இப்பதான் வேலை தெரிஞ்ச ஆள் கையில பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். போன வாரம் செய்து கொடுத்ததும் நான்தான்.

எனக்கும் அதே கதை. இடது காது ஒரு நூல் மேலே. அம்மாவுக்கு இரண்டும் சமம், அளவெடுத்து வைத்த மாதிரி. முப்பது வருடமாக அடுத்தவர் காதைப் பார்த்துப் பிழைக்கிறேன், என் காது எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

மகள் போன் செய்தாள். பிறந்தநாள் பரிசாக அவள் அனுப்பிய, ரத்த சொந்தங்களைக் கண்டுபிடித்துச் சொல்கிற எச்சில் சோதனைக் குப்பி இன்னும் அலமாரியிலேயே கிடக்கிறதா என்று கேட்டாள். "துப்பி அனுப்பும்மா, அவ்வளவுதான் வேலை." ஐம்பத்தேழு வயதில் அப்பனைத் தேடி என்ன செய்யப் போகிறேன், கல்யாணத்துக்குக் கூப்பிடவா என்றேன். சிரித்தாள். போனை வைத்ததும் துப்பி மூடிவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

காலையில் மணி அடித்தது. அடுப்படியில் இருந்த அம்மா எனக்கு முன்னால் கதவருகே நிற்கிறாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. முழங்கால் வலி என்று கடைத்தெருவுக்குக்கூட வராதவள், கதவு மணிக்கு மட்டும் இருபது வயதுக்காரி. வந்தது மீட்டர் பார்க்கிறவர்.

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். முன்பு இருந்த ஒற்றை அறை வீட்டில் மணி கிடையாது, தட்டுவார்கள். முதல் தட்டுக்கே எழுந்துவிடுவாள். சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தால் கவளத்தை என் வாயில் அடைத்துவிட்டு ஓடுவாள். திரும்பி வரும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. "பக்கத்து வீட்டுக்காரம்மா" என்பாள், அடுத்த கவளத்தை உருட்டுவாள். யாருக்காக ஓடினாள் என்று நான் கேட்டதே இல்லை. தெரியும்.

அவள் சொன்ன கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன்! போர்க் காலம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வெளிநாட்டுப் படை முகாம் போட்டிருந்தது. அம்மாவுக்கு வயது இருபது, படையின் சலவைக் கூடத்தில் வேலை. அவர் அங்கே ரொட்டி சுடுகிறவர். "துப்பாக்கி பிடிச்சு நான் பார்த்ததே இல்லடி. எப்பவும் மாவுதான். கண் இமையில எல்லாம் மாவு." இவளுக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு இவள் பாஷை தெரியாது. இவளுக்கு அவர் ரொட்டிக்காரர், அவ்வளவுதான். இருக்கிறது ரெண்டு பேர், பேர் எதுக்கு என்பாள்.

ஒரு நாள் காலையில் திடீரென்று படை கிளம்பிவிட்டது. லாரி நகர்ந்த பிறகுதான் இவளுக்கு உறைத்தது. பின்னாலேயே ஓடி, "உன் பேரு என்ன, பேரு!" என்று கத்தியிருக்கிறாள். அவர் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்: வெலாமி.

அப்போது நான் வயிற்றில் இருந்தது அவருக்குத் தெரியாது. இவளுக்கே தெரியாது.

ஊரில் என்னைப் போல இன்னும் சிலர் இருந்தோம், பூனைக்கண்ணுப் பிள்ளைகள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். என் அம்மா மட்டும் நிமிர்ந்து சொல்வாள்: "என் பொண்ணுக்கு அப்பன் பேரு இருக்கு." பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் காதில் அது வேறு மாதிரி விழுந்து, தகப்பன் பெயர் 'வெள்ளாமை' என்று எழுதிவிட்டார். பையன்கள் விடுவார்களா? "ஏய் பூனைக்கண்ணு, வெள்ளாமை இன்னும் வீடு வந்து சேரலையா?" நான் அழுதுகொண்டு வந்தேன். அம்மா வேலையைப் போட்டுவிட்டு நேரே பள்ளிக்குப் போனாள். எழுதப் படிக்கத் தெரியாதவள், வாத்தியார் பக்கத்தில் நின்றுகொண்டு, "நாக்கை மடிக்காதீங்க ஐயா. வெ-லா-மி. இப்ப எழுதுங்க" என்றாள். திருத்தி எழுதியதை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அந்த நடையை இப்போது நினைத்தாலும் எனக்கு முதுகு நிமிர்கிறது.

மார்ச் 10, திங்கள்

குப்பியைத் தபாலில் போட்டாயிற்று. அம்மாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 19, சனி

தம்பி இருக்கிறான்.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். தம்பி. ஐம்பத்தேழு வருடமாக எனக்குத் தேவைப்படாத சொல். அவனுடைய மகன் விளையாட்டாகச் சோதனை செய்யப்போய், அப்பாவின் அக்கா என்று நான் வந்து நின்றிருக்கிறேன். பாவம், அவர்களுக்கும் அதிர்ச்சிதான். அவன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறானாம். நாளைக்கு வீடியோவில் பேசுகிறோம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அம்மா மாலையில் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தபோது பேசினோம். திரையில் அவன் முகம் வந்ததும் நான் முதலில் பார்த்தது கண்ணை இல்லை, கண்ணாடியை. கோணல். இடது பக்கம் ஒரு நூல் மேலே. என் கண்ணாடியைக் கழற்றி, காதைத் திருப்பிக் காட்டினேன். அவனும் கழற்றினான். இரண்டு கிழங்கள் திரையில் காதைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அழுதோம்.

அவன் பேசுவதைப் போன் மொழிபெயர்த்துச் சொல்கிறது. "அன்புச் சகோதரியே, நலமா?" என்று கேட்டது பாருங்கள், நாடகத்து ராஜா தோற்றான். பதிலுக்கு நான் "இருக்கேன்பா, நீ சாப்பிட்டியா" என்றதை அது அங்கே என்னவாக்கியதோ.

அப்பா இறந்து பதினோரு வருடமாகிறது. ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் கழித்துத்தான் கல்யாணம். கடைசிவரை ரொட்டி சுட்டிருக்கிறார்.

அப்புறம்தான் கேட்டேன். "வெலாமி" என்று சொல்லிக்காட்டி, அப்பா பேர் என்றேன். அவன் விழித்தான். இல்லை என்று தலையாட்டி வேறொரு பெயரைச் சொன்னான். நான் மறுபடியும் நெஞ்சில் கை வைத்து, வெலாமி என்றேன். அவன் சிரித்துவிட்டான். எழுந்து கதவுப் பக்கம் நடந்தான், நெஞ்சில் கை வைத்தான், வெலாமி என்றான், வெளியே போகிற மாதிரி நடித்தான். போன் சொன்னது:

"போய் வருகிறேன்."

அது பெயரே இல்லை. அந்த ஊரில் கடைக்குப் போகிறவன்கூடச் சொல்லிவிட்டுப் போகிற சொல். லாரிச் சத்தத்தில் அம்மா கேட்டது அவருக்குக் கேட்டதோ, புரிந்ததோ. அவர் விடைபெற்றிருக்கிறார். அதை இவள் பெயர் என்று எடுத்துக்கொண்டு, எனக்குக் கொடுத்து, அதற்காக வாத்தியாரிடம் சண்டை போட்டு...

உண்மைப் பெயரை இங்கே எழுதக் கை வரவில்லை. நல்ல பெயர்தான். யாரோ ஒருவருடைய பெயர்.

ஏப்ரல் 21, திங்கள்

அம்மாவிடம் தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் இல்லை என்பதையும். ரொம்ப நேரம் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கடைசி வரைக்கும் ரொட்டிதான் போட்டாரா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கை பக்குவம் இருக்கும்" என்றாள். பெயர் விஷயத்தைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். எழுபத்தேழு வயதில் அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

சாயங்காலம் மணி அடித்தது. அவர் இனி வரமாட்டார் என்று தெரிந்த பிறகும் இவள் ஓடினாள். கால் பழகிவிட்டது போல.

மே 30, வெள்ளி

தம்பி வருகிறான். பள்ளி விடுமுறை, ஒரு வாரம். கண்டிஷனாகச் சொல்லிவிட்டேன்: எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரக்கூடாது. ஏன் என்று விளக்கினேன். புரிந்தது என்று மூன்று முறை சொன்னான். போன் அதை "அறிந்தேன், அறிந்தேன், அறிந்தேன்" என்றது.

ஜூன் 14, சனி

வந்துவிட்டான். அம்மாதான் கதவைத் திறந்தாள். அம்மா கையை நீட்டி அவன் கண்ணாடியைக் கழற்றினாள், இமையைத் தொட்டுப் பார்த்தாள். மாவு இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ. "வாடா உள்ளே, ஏன் நிக்கிறே" என்றாள், ஏதோ நேற்றுப் போய்விட்டு இன்று வந்தவனிடம் சொல்கிற மாதிரி.

பள்ளிக்கூடத்துப் பையன்களே, எங்கே இருக்கிறீர்கள்? வெள்ளாமை வீடு வந்து சேர்ந்துவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அவனைக் கடைக்கு அழைத்துப் போனேன். விடுமுறைதான், சாவி என்னிடம். அவன் கண்ணாடிக் கம்பியைச் சூடு காட்டி வளைத்து மாட்டிவிட்டேன். கடை நிலைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டு அவன் சொன்னதைப் போன் மொழிபெயர்த்தது: "இதுவரை உலகம் சாய்ந்திருந்தது." உலகம் எல்லாம் சாயலைடா, காதுதான் என்றேன். இந்தக் கையால் எத்தனை ஆயிரம் பேருக்கு மாட்டிவிட்டிருப்பேன், என் காது மாதிரியே ஒரு காதுக்கு இன்றைக்குத்தான்.

அவனிடம் அப்பாவின் படம் ஒன்று இருக்கிறது, வயதான காலத்தது. அம்மா வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரு இந்தக் கிழவன்?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் மாலை முழுக்க என்னென்னவோ பாடிக்கொண்டிருந்தாள். அவள் பாடிக் கேட்டு எத்தனை காலமாகிறது.

ஜூன் 17, செவ்வாய்

எல்லாம் போச்சு.

சிகரெட் வாங்கக் கீழே இறங்கினான். செருப்பை மாட்டினான், நெஞ்சில் கை வைத்தான், வெலாமி என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். பழக்கம். படியில் பாதி இறங்கிய பிறகுதான் அவனுக்கே உறைத்திருக்கிறது. அப்படியே நின்றுவிட்டானாம்.

அம்மா என்னைப் பார்த்தாள். "இவன் ஏன்டி அவர் பேரைச் சொல்லிட்டுப் போறான்?"

மழுப்பப் பார்த்தேன். நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரியாதா? சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "பேரைக் குடுத்தவன் வரலைன்னா அது விதி. வரேன்னு சொன்னவன் வரலைன்னா அது பொய்தானேடி?" என்றாள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக அவரை அவன் என்றாள். "நானாத்தான் காத்துட்டிருக்கேன்னு நினைச்சேன். யாரும் சொல்லி இல்ல, நானா. அது என் இஷ்டம்னு இருந்தேன்."

எனக்கு அவர் மேல் கோபம் கோபமாக வருகிறது. பாடையில் போனவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப் போகிறது. சும்மா இருந்தவளைத் தேடித் துப்ப வைத்த மகள் மேலும் கோபம். துப்பினவள் மேல்தான் ரொம்பக் கோபம்.

ஜூன் 18, புதன்

மணி அடித்தது. அம்மா உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான்தான் போய்த் திறந்தேன்.

ஜூன் 21, சனி

தம்பி கிளம்பிவிட்டான். நாலு நாளாகத் திருடன் மாதிரி வீட்டுக்குள் நடந்தான். கிளம்பும்போது பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அம்மா முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான், போனைக் கையில் கொடுத்தான், நிறையப் பேசினான். போன் அதன் ராஜபாட்டையில் சொன்னது:

"அம்மையே, எங்கள் ஊரில் அச்சொல்லைக் கூறாமல் எவரும் வாசற்படி தாண்டார். என் தந்தை மட்டும் ஒருநாளும் கூறியதில்லை. வேலைக்குச் செல்கையிலும் வாய் திறவாமல் செல்வார். அதன் பொருட்டு என் தாய் சண்டையிடுவார். தந்தையோ, ஒருமுறை கூறிவிட்டேன், அதை இன்னும் நிறைவேற்றவில்லை, மறுமுறை எப்படிக் கூறுவேன் என்பார். யாரிடம் கூறினார் என்று நாங்கள் அறியவில்லை."

அந்தப் போனைப் பார்த்து இனி சிரிக்கமாட்டேன்.

அம்மா போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். "அதுக்கென்ன இப்போ" என்றாள். அவன் எழுந்து செருப்பை மாட்டினான். வாயை இறுக்கி மூடிக்கொண்டு படியில் கால் வைத்தான். பின்னாலிருந்து அம்மாவின் குரல்:

"டேய். வாய் செத்தவன் மாதிரி போகாதே. சொல்லிட்டுப் போ."

நான் மொழிபெயர்க்கவில்லை. போனும் அவன் பையில். எப்படிப் புரிந்ததோ. நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். அவன் தெருமுனை திரும்பும்வரை அம்மா ஜன்னலில் நின்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

தினமும் பேசுகிறான். அம்மாவும் பேசுகிறாள். ஆனால் மணி அடித்தால் எழுந்திருப்பதில்லை. "முழங்கால்" என்கிறாள். இந்த வீட்டில் மணிச் சத்தம் இவ்வளவு நீளமாக அடிக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

நவம்பர் 27, வியாழன்

நாளை மறுநாள் தம்பி வருகிறான். பாட்டியைப் பார்க்க வேண்டுமென்று அவன் மகனும் கூட வருகிறான். அம்மாவிடம் சொன்னேன். "வரட்டும், வந்தா பார்ப்போம்" என்றாள். அவ்வளவுதான்.

நவம்பர் 28, வெள்ளி

கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. தலைவாருவதை விட்டுவிட்டு நான் வருவதற்குள் கதவு திறந்திருந்தது. அம்மா நிற்கிறாள், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே. வாசலில் மீட்டர் பார்க்கிறவர்.

"நாளைக்குத்தானேம்மா வர்றாங்க" என்றேன்.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "நாலஞ்சு மாசமா விட்டுப்போச்சு இல்ல. கால் பழகட்டும்னு வந்தேன்."