மிஷினுக்கு ஒரு வாய்

காளஹஸ்தி,
12.8.1997

அன்புள்ள யமுனாவுக்கு,

ராமகுப்பத்தில் நீயும் பவனும் நைனாவும் அம்மாவும் சுகம்தானே? நைனாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலைப்படாதே.

இந்த மாட்டுத்தீவன ஃபாக்டரியில் தவிடும் புண்ணாக்கும் கலந்த மாவை மிஷினுக்குள் அள்ளிப் போடுவதுதான் என் வேலை. அது குச்சி குச்சியாக அழுத்தித் தள்ளும். முதல் வாரம் மூட்டையோடு கவிழ்த்தேன், அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. பயந்துபோய்க் கொஞ்சமாகப் போட்டால் வெறும் வயிற்றோடு கத்தியது. அப்போதுதான் நீ பவனுக்கு வாய்க்கு ஒரு பேராகச் சொல்லிச் சொல்லி ஊட்டுவது நினைவுக்கு வந்தது. நேற்று நானும் "இது யமுனாவுக்கு, இது பவனுக்கு, இது நைனாவுக்கு" என்று ஒரே அளவாக அள்ளிப் போட்டேன். சாயங்காலம் வரை மிஷின் ஒரு தரம்கூட நிற்கவில்லை.

பின்னால் நின்று கேட்ட சூப்பர்வைசர் சுப்பிராமி ரெட்டி, "ஏமய்யா, எல்லாம் உன் ஊட்டுக்காரங்களுக்கே போட்டுக்கினு இருக்கியே, நா பேரு லேதா, என் பேரு இல்லியா?" என்றார். இன்று அவருக்கும் ஒரு வாய் போகிறது. ஷிப்டே சிரிக்கிறது.

தூசிக்கு முகத்தில் கட்டிக்கொள்ள உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்கே கடையில் துணி கிடைக்கும், ஆனாலும் அனுப்பு. துவைக்க வேண்டாம்.

நம் ஊர்ப்பக்கம் பலமனேர் போகும் லாரிக்காரர் இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள ஹாரன் அடிக்கிறார். பவனுக்கு ஊட்டும்போது என் பேரை முதலில் சொல். கடைசியில் வைத்தால், அதற்குள் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

உன்
முனிரத்தினம்