ஒட்டிய துவக்கும் ஒரு படமும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? எண்ணெய் பூசுகிறீர்களா? நான் ஹனோவரில் சுகமாக இருக்கிறேன். போனில் சொல்லப் பயமாக இருந்ததால், ஊருக்கு வரும் தவராசா அண்ணையிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

போன கிழமை எங்கள் தச்சுப் பட்டறைக்கு உலகப் போர்க்காலத் துவக்கு ஒன்று வந்தது, இனிச் சுடமுடியாதபடி குழாயை அடைத்தது. அதன் மரப்பிடி வெடித்திருந்தது. வெடிப்பில் ஊறியிருந்த எண்ணெயை எடுத்து, பசை விட்டு, இறுக்கிக் கட்டிக் காயவைத்தேன். கோடே தெரியவில்லை. முதலாளிக்குச் சரியான புளுகம், சந்தோசத்தில் தோளைத் தட்டினார். துவக்கை என் கையில் தந்து படமெடுத்து, பெயரோடு பேஸ்புக்கில் போட்டுவிட்டார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பின்னேரம் ஊரிலிருந்து மச்சான் வினோஜன் போன் எடுத்தான். "என்னடா, துவக்கோட நிக்கிறாய்? கொம்மா அங்க தனிய இருக்கிறா எண்டு யோசிச்சியா?"

உடனே முதலாளியிடம் ஓடிப்போய்ப் படத்தை எடுக்கச் சொன்னேன். முதலாளி, "இது இனிச் சுடாத துவக்குத்தானே" என்று சிரித்தாலும் படத்தை அழித்துவிட்டார். அதற்குள் யார் யார் பார்த்தார்களோ.

நீங்கள் பயப்பட வேண்டாம். ஆமி, சிஐடி என்று யாரும் விசாரிக்க வந்தால் தனியே கதைக்காமல் பக்கத்து வீட்டுக் கமலநாயகி அக்காவைக் கூப்பிடுங்கோ. மகன் தச்சு வேலை செய்கிறான் என்று மட்டும் சொல்லுங்கோ. தவராசா அண்ணையிடம் கொஞ்சம் வேப்பம்பூ வடகம் கொடுத்து விடுங்கோ.

சீலைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறீர்களே, அண்ணா இயக்கத்தில் கடைசியாகத் துவக்கோடு நின்று எடுத்த படம், அதை இந்தக் கடிதத்தோடு சேர்த்து அடுப்பில் போடுங்கோ. அவரின் முகம் பார்க்க வேண்டும் போலிருந்தால் என்னை வீடியோவில் கூப்பிடுங்கோ. வினோஜன் சொன்னான், துவக்கைப் பிடித்துச் சிரிக்கும்போது நான் அப்படியே அண்ணாதானாம்.

வேலைக்கு நேரமாகிறது.

உங்கள் சின்னவன்,
சேயோன்