ஹொங்கே என்று எழுதியிருக்கலாம்

அன்புள்ள மச்சான் தனபாலுக்கு,

நம் புங்கமரத்தை வெட்டிவிட்டார்கள். வேறு ஏதாவது சொல்லித் தொடங்கலாம் என்று இரண்டு நாளாகப் பார்த்தேன், முடியவில்லை.

ஜோகுபாளையத்திலிருந்து அல்சூர் ஏரிக்கரை வரை காலையில் இப்போதும் நடக்கிறேன், தனியாக. வேலியோரம் துத்தி பூத்திருக்கிறது. நீ காட்டிய செம்போத்து அதே புதரில்தான் இருக்கிறது. என்னைக் கண்டால் பறக்காமல் நடந்தே ஒளிகிறது. திருப்பத்துக்கு வந்ததும் கால் நின்றுவிடுகிறது. நாம் மூச்சு வாங்க நின்ற நிழல் இல்லை. முசுறு எறும்புகள் தைத்த இலைக்கூடு கிழிந்து கிடக்கிறது. முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தூள் மேல் அலைகின்றன. எங்கே போகும்?

நம் சண்டை நினைவிருக்கிறதா? கடைப்பலகை பார்த்தே கன்னடம் கற்றவன் என்ற மிதப்பில் அந்த மரத்தை நான் “ஹொன்னே” என்பேன். இந்த ஊரிலேயே பிறந்த நீ சிரிப்பாய்.

“ஹொன்னேன்னா வேங்கை, மாமா. இது ஹொங்கே, நம்ம புங்கை. எங்க அக்கா உங்ககிட்ட எப்படித்தான் குப்பை கொட்டுதோ!”

“எனக்குத் தெரியும். நீ நட.”

படுக்கையில் கிடந்தபோது நீ என்னிடம் கேட்டது ஒன்றுதான். “ரோட்டை அகலப்படுத்தப் போறாங்களாம். அந்த மரத்தை விட்டுடாதீங்க, மாமா.”

மனு எழுதினேன். யாரையும் கேட்காமல், நானே, கன்னடத்தில்: இந்த ரோட்டிலுள்ள ஹொன்னே மரத்தை வெட்டக் கூடாது.

வெட்டிய அன்று ஓவர்சியரிடம் சண்டைக்குப் போனேன். கன்னடக்காரர், எனக்காகத் தமிழில் பேசினார்.

“இந்த ரோட்ல ஹொன்னே மரமே இல்லையே, அஜ்ஜா. இல்லாத மரத்தை எப்படி விடறது? ஹொங்கேன்னு எழுதியிருந்தா மேல ஒரு வார்த்தை கேட்டிருப்பேன்.”

ஒருவராவது வந்து அந்த மரத்தை நிமிர்ந்து பார்த்திருக்கக் கூடாதா? காகிதத்தைப் பார்த்தா மரம் வெட்டுவது? இந்தக் கோபம் எனக்கு ஆறாது. ஆனால் அதை உன்னிடம் காட்ட முடியவில்லை, மச்சான். மனுவில் இருப்பது என் கையெழுத்து.

மரம் போனது உன் அக்காளுக்குத் தெரியும். எதனால் போனது என்று தெரியாது. நாளை சொல்லிவிடுகிறேன், சத்தியம். அதன் பிறகு தினமும் அந்தத் திருப்பத்தில் நின்று ஹொங்கே என்று சரியாகச் சொல்வேன். சொல்லி என்ன? திருத்த நீ இல்லை. நிற்க அது இல்லை.

சொன்ன பேச்சைக் கேட்காத,
உன் அக்காள் புருஷன்